நீல நாய் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

ஜார்ஜ் ரோட்ரீக் என்ற பெயர் பலருக்கு நினைவில் நிற்பதில்லை. ஆனால் அவர் வரைந்த நாயை ஒருமுறை பார்த்தவர்கள் மறப்பதில்லை. உடல் முழுக்க நீலம், முகத்தில் வெள்ளை, விறைத்து நிற்கும் காதுகள், நேராக நம்மையே பார்க்கும் வட்டமான மஞ்சள் கண்கள். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக்காரரான ரோட்ரீக் 1984-இல் இந்த நாயை முதன்முதலில் வரைந்தார். 2013 டிசம்பரில் இறக்கும்வரை அதை விடவேயில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், அதே நாய், பெரும்பாலும் அதே உட்காரும் நிலை. அது குரைப்பதில்லை, ஓடுவதில்லை, வயதாவதும் இல்லை. செத்துப்போன வளர்ப்பு நாயின் உருவத்தை அச்சடித்து விற்றே காலத்தை ஓட்டிவிட்டார் என்பது அவர்மேல் சுமத்தப்படும் பழி. அவரை விரும்புகிறவர்களோ, செல்லப் பிராணியை இழந்த ஒருவரின் தீராத பாசம் என்று உருகுகிறார்கள். இரண்டு தரப்பும் ஒரே இடத்தில் தவறுகின்றன. இருவருமே நாயை மட்டும்தான் பார்க்கிறார்கள். ரோட்ரீக்கின் படங்களில் கவனிக்க வேண்டியது அந்த நாய் எங்கே உட்கார்ந்திருக்கிறது, அந்த இடத்தோடு அது ஒட்டுகிறதா என்பதைத்தான். அந்த ஒட்டாமையை வரையும் முறையை அவர் 1984-க்குப் பல ஆண்டுகள் முன்பே, படத்தில் நாயே இல்லாத காலத்தில், கண்டுபிடித்துவிட்டார்.

நாய் வந்த கதையே பாசக் கதைக்கு இடம் கொடுப்பதில்லை. 1984-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் உலகப் பொருட்காட்சி நடந்தது. அதையொட்டி லூசியானாவின் பேய்க் கதைகளைத் தொகுத்து 'பயூ' என்றொரு நூல் வந்தது. கதைகளை எழுதியவர் கிறிஸ் செகூரா, படங்கள் ரோட்ரீக். அதில் ஒரு கதையில், ஒரு வீட்டைக் காவல்காக்கும் கொடிய நாய் ஒன்று வருகிறது. பிரெஞ்சு வழிவந்த கேஜன் மக்களிடையே லூ-கரூ என்றொரு நம்பிக்கை உண்டு. இரவில் திரியும், பாதி ஓநாய் பாதி மனிதனான பிசாசு அது. சேட்டை செய்தால் லூ-கரூ வந்து பிடித்துக்கொள்ளும் என்று குழந்தைகளை மிரட்டுவார்கள். அந்தப் பிசாசுக்கு ஓர் உருவம் தேவைப்பட்டபோது ரோட்ரீக் தன் பழைய புகைப்படங்களைத் துழாவினார். டிஃப்பனி என்ற அவருடைய வளர்ப்பு நாயின் படங்கள் கிடைத்தன. டிஃப்பனி கறுப்பும் வெள்ளையுமான நாய். அவர் வரையும்போது ஓவியக்கூடத்தில் கூடவே இருந்தது, சில ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டது. அதன் உட்காரும் நிலையையும் காதையும் மூக்கையும் எடுத்துக்கொண்டார். நிலா வெளிச்சத்தில் ரோமம் எப்படித் தெரியும் என்று யோசித்துச் சாம்பல் கலந்த நீலம் பூசினார். கண்களுக்குச் சிவப்பு. ஆக, முதல் நீல நாய் ஒரு பிசாசு. டிஃப்பனி அதற்கு உருவ மாதிரியாக இருந்ததே தவிர, அது டிஃப்பனியின் உருவப்படம் இல்லை. மஞ்சள் கண்ணும் சாந்தமும் பிற்காலத்தில் வந்து சேர்ந்தவை.

இதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளில் அவர் என்ன வரைந்துகொண்டிருந்தார் என்பதுதான் முக்கியமான சாட்சியம். 1944-இல் நியூ ஐபீரியா என்ற சிற்றூரில் பிறந்தவர் ரோட்ரீக். தந்தை கொத்தனார். சிறுவயதில் போலியோ வந்து படுக்கையில் கிடந்த மாதங்களில், எண் போட்ட கட்டங்களுக்குள் நிறம் நிரப்பும் பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். அழுத்தமான விளிம்பு, அதற்குள் தட்டையான நிறம் என்ற அவருடைய பிற்காலப் பாணியை அந்தப் பெட்டியோடு முடிச்சுப் போடும் ஆசை யாருக்கும் வரும். ஆனால் அதை ஆதாரமாகக் கொள்வதற்கில்லை. லட்சக்கணக்கான அமெரிக்கக் குழந்தைகளிடம் அதே பெட்டி இருந்தது. 1960-களில் லாஸ் ஏஞ்சலீஸில் கலைக் கல்லூரிக்குப் போனார். பாப் ஓவியமும் அருவ ஓவியமும் கொடிகட்டிப் பறந்த காலம். அங்கே படித்துவிட்டு ஊர் திரும்பியவர் பாப் ஓவியம் வரையவில்லை. லூசியானாவின் பழைய ஓக் மரங்களை வரைந்தார்.

அந்த மரங்களைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அமெரிக்க நிலக்காட்சி ஓவிய மரபில் வானம் பெரியது. மலையும் மேகமும் விரிந்து பார்ப்பவரை உள்ளே இழுக்கும். ரோட்ரீக் மரத்தின் உச்சியை வெட்டிவிட்டார். கிளைகள் படத்தின் மேல் விளிம்பில் மோதி நின்றுவிடுகின்றன. வானம் மரத்தடியில், கிளைகளுக்குக் கீழே, தூரத்தில் ஒரு சிறிய வெளிச்சக் கீற்றாகத்தான் தெரிகிறது. முன்னால் முழுக்க இருட்டு. தென் லூசியானாவின் சதுப்புநிலத்தில் நடப்பவருக்குக் கிடைக்கும் காட்சி இதுதான். தலைக்குமேல் இலைக்கூரை, தொலைவில் வெளிச்சம். கலிபோர்னியாவைப் பார்த்துவிட்டு வந்ததால்தான் சொந்த ஊரின் இந்த அடைப்பு அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். ஊரைவிட்டு நகராதவருக்கு இது வழக்கமான நிழல்தானே.

பிறகு அந்த மரங்களுக்கு அடியில் மனிதர்களைக் கொண்டுவந்து வைத்தார். 1971-இல் வரைந்த 'அயோலி விருந்து' அவருடைய முதல் பெரிய மனிதக் கூட்டப் படம். நியூ ஐபீரியா பக்கத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூடிய ஒரு விருந்துக் குழு. வெள்ளை விரிப்பிட்ட நீண்ட மேசையைச் சுற்றி ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஒயின் புட்டி. பரிமாறும் இளைஞர்கள் நிற்கிறார்கள். சமைத்த பெண்கள் பின்வரிசையில். பழைய குடும்பப் புகைப்படங்களை வைத்து வரைந்த முகங்கள் இவை. அதனால்தானோ என்னவோ பலரும் புகைப்படக்காரரைப் பார்ப்பதுபோல் நம்மைப் பார்க்கிறார்கள். படத்தின் விசித்திரம் வெளிச்சத்தில் இருக்கிறது. அவ்வளவு பெரிய மரத்தின் நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள், நிழலோ அவர்கள்மேல் விழவில்லை. சட்டையும் மேசைவிரிப்பும் பெண்களின் உடையும் தமக்குள்ளிருந்தே ஒளிர்கின்றன. தரையோடு கலக்காமல், கத்தரித்து ஒட்டியதுபோல் விளிம்பு தெளிவாக நிற்கிறது. கைத்திறன் போதாமல் வந்த குறை இது என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் மரத்தையும் தொலைதூர வெளிச்சத்தையும் அத்தனை நுட்பமாக வரையத் தெரிந்தவருக்கு ஒரு நிழல் வரையத் தெரியாது என்பது நம்பும்படியாக இல்லை. தம் மக்கள் அந்த நிலத்தின் இருட்டுக்குள் கரையாமல் தம் பண்பாட்டின் ஒளியோடு தனித்து நிற்கிறார்கள் என்பதாகவே ரோட்ரீக் இதை விளக்கி வந்தார்.

அந்த மக்களின் வரலாறு தெரிந்தால் விளக்கம் இன்னும் பொருந்தும். கேஜன்களின் முன்னோர் இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியில் குடியேறியிருந்த பிரெஞ்சு விவசாயிகள். அந்த மண்ணுக்கு அக்கேடியா என்று பெயர். 1755 முதல் பிரிட்டிஷார் அவர்களைக் கூண்டோடு வெளியேற்றினார்கள். வீடுகளைக் கொளுத்தி, குடும்பங்களைக் கப்பல்களில் ஏற்றிப் பல திசைகளுக்கு அனுப்பினார்கள். சிதறியவர்களில் ஒரு பகுதியினர் அடுத்த சில பத்தாண்டுகளில் லூசியானாவின் சதுப்புநிலத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே பிரெஞ்சு பேசி, நண்டும் இறாலும் பிடித்து, தனி இசையும் தனிச் சமையலுமாக வாழ்ந்தார்கள். 1921-இல் லூசியானாவின் அரசியல் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தை மட்டுமே பயிற்றுமொழியாக்கியது. வகுப்பில் பிரெஞ்சு பேசிய குழந்தைகள் தண்டிக்கப்பட்டார்கள். வீட்டில் தாத்தா பாட்டியின் பிரெஞ்சைக் கேட்டும் தாமே பேச முடியாத தலைமுறையில் பிறந்தவர் ரோட்ரீக். பெயர்த்துக் கொண்டுவந்து ஒரு மண்ணில் வைக்கப்பட்டவர்கள், இரண்டு நூற்றாண்டு அங்கேயே இருந்தும் அந்த மண்ணுக்குள் மறைந்துவிடாதவர்கள். கத்தரித்து ஒட்டிய விளிம்பு சொல்வது இதைத்தான். 1984-இல் அந்த இடத்தில் ஒரு நாய் வந்து உட்கார்ந்தது, அவ்வளவே. அதற்கும் நிழல் கிடையாது. அதுவும் உள்ளிருந்து ஒளிர்கிறது. அதுவும் புகைப்படத்திலிருந்து எடுக்கப்பட்டு, நேராகப் பார்த்து, ஓக் மரத்தின் இருட்டுக்கு முன்னால் ஒட்டாமல் உட்கார்ந்திருக்கிறது.

சரி, எந்த ஓவியர்தான் தன் நாயை வரையவில்லை, இதில் மட்டும் என்ன தனி மகத்துவம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டேவிட் ஹாக்னி 1990-களின் நடுவில் ஸ்டான்லி, பூட்ஜி என்ற தன் இரண்டு குட்டைக்கால் நாய்களை நாற்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்களில் வரைந்தார். அவை மெத்தைமேல் சுருண்டு தூங்குகின்றன, ஒன்றின்மேல் ஒன்று தலை சாய்க்கின்றன. நம்மைப் பற்றி அவற்றுக்குக் கவலையில்லை. அவை வீட்டுக்குள் இருக்கும் நாய்கள். ஹாக்னியின் அன்பு ஒவ்வொரு தூரிகை வீச்சிலும் தெரிகிறது. ரோட்ரீக்கின் நாயிடம் அந்த அன்பைத் தேடினால் கிடைக்காது. அது யாருடைய மெத்தையிலும் படுப்பதில்லை. இன்னொரு நாயை நம் வீடுகளுக்கே தெரியும். கிராமபோன் குழாய்க்குமுன் தலைசாய்த்து உட்கார்ந்திருக்கும் எச்.எம்.வி. நாய். நிப்பர் என்ற அந்த நாய் 1895-இல் இறந்தது. இங்கிலாந்துக்காரரான பிரான்சிஸ் பராட் மூன்றாண்டுகள் கழித்து அதை நினைவில் வைத்து வரைந்தார். 1899-இல் கிராமபோன் கம்பெனி அதை நூறு பவுண்டுக்கு வாங்கியது. விலை பேசும்போதே, படத்திலிருந்த ஃபோனோகிராஃப் கருவியை அழித்துத் தங்கள் கருவியை வரையச் சொன்னார்கள். அவரும் அதன்மேலேயே வண்ணம் பூசி மாற்றிக் கொடுத்தார். பிறகு கம்பெனிக்காக அதே படத்தை 24 முறை மீண்டும் வரைந்தார். செத்த நாய், ஒரே நிலை, திரும்பத் திரும்ப, வணிக முத்திரை: மேலோட்டமாகப் பார்த்தால் ரோட்ரீக்கின் கதையேதான். வித்தியாசம், பராட்டின் 24 படங்களிலும் எதுவும் மாறுவதில்லை, மாறவும் கூடாது. முத்திரைக்கு அதுதான் இலக்கணம். ரோட்ரீக்கோ நாயை அசையாமல் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அசைத்துப் பார்த்தார்.

திரும்பச் செய்தல் என்ற குற்றச்சாட்டுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. இத்தாலியின் ஜார்ஜோ மொராண்டி வாழ்நாள் முழுக்க அதே புட்டிகளையும் ஜாடிகளையும் வரைந்தார். ஜோசஃப் ஆல்பர்ஸ் 1950-இலிருந்து 1976-இல் இறக்கும்வரை சதுரத்துக்குள் சதுரம் வரைந்தார். ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். இவர்களை யாரும் சோம்பேறி என்று சொல்வதில்லை. வடிவம் நிலையாக நின்றால்தான் நிறமோ ஒளியோ செய்யும் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். கச்சேரியில் நிரவல் பாடும்போது சாகித்திய வரி ஒன்றுதான். அந்த வரி மாறாததால்தான் ஒவ்வொரு சுற்றிலும் ராகம் எங்கே போய்வந்தது என்பது கேட்பவருக்குப் பிடிபடுகிறது. நீல நாய் அந்த வரி. அதன் அர்த்தத்தை நாயிடமே தேடுவது, வரியை மட்டும் எழுதிவைத்துக்கொண்டு சங்கீதத்தைத் தேடுவதில் போய் முடியும். ஓக் மரத்துக்கு முன்னால் அது ஊர் எல்லையில் நிற்கும் பிசாசு. கேஜன் மனிதர்களோடு வரிசையில் உட்காரும்போது, குடும்பப் புகைப்படத்தில் பெயர் தெரியாத உறவினர்போல் ஆகிவிடுகிறது. பின்புலம் வெறும் சிவப்பாகவோ மஞ்சளாகவோ மாறும்போது ஊரே இல்லாமல் போய்விடுகிறது. அந்தப் படங்கள் சிலவற்றில் உண்மையான தனிமை உண்டு.

சிலவற்றில்தான். மிகக் கடுமையான ஆட்சேபத்துக்கு இங்கே முழுமையாகத் தப்ப முடியாது. 1990-களின் தொடக்கத்தில் அப்சலூட் வோட்கா விளம்பரத்துக்கு நாய் போனது. 2000-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் விளம்பரத்துக்குப் போனது. நியூ ஆர்லியன்ஸின் ராயல் தெருவில் அவர் தாமே நடத்திய காட்சிக்கூடத்தில் அச்சுப் பிரதிகள் விற்றன. 1995-இல் வாஷிங்டனில் ஜனநாயகக் கட்சியின் மிதவாதப் பழமைவாத உறுப்பினர்கள் அமைத்த அணிக்கு 'நீல நாய்' என்றே பெயர் வந்தது. அவர்கள் கூடிய லூசியானா உறுப்பினர்களின் அறைகளில் ரோட்ரீக்கின் படங்கள் மாட்டியிருந்ததும் அதற்கு ஒரு காரணம். கடைச்சரக்கு என்ற பெயர் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமில்லை. ஓவியர் பிழைக்கக் கூடாதா என்று இதற்குப் பதில் சொல்லலாம். அது சோம்பேறித்தனமான பதில். பிழைப்பது வேறு, படம் படமாக நிற்பது வேறு. வோட்கா புட்டியோடு நாய் உட்கார்ந்தபோது இரண்டுமே முத்திரைகள். ஒன்றோடொன்று மோத அங்கே இடமே இல்லை. பூக்கள், இதயங்கள், பண்டிகை அலங்காரங்கள் நிரம்பிய பல அச்சுகளிலும் இதே கதி. பின்புலம் சுவரொட்டித் தாளாகிவிட்டால் நாய் அதற்கு அழகாகப் பொருந்திவிடுகிறது. ரோட்ரீக்கின் நாய்க்கு நேரக்கூடிய கேடு அந்தப் பொருத்தம்தான். பத்து ஆண்டுகள் மிகச் சுலபமாக விற்ற ஓவியருக்கு இந்தச் சறுக்கல் தெரியாமல் போனதா, தெரிந்தும் விட்டாரா என்று படங்களை வைத்துச் சொல்ல முடியாது. விளைவு ஒன்றுதான்.

ஆனாலும் அந்த முறை செத்துவிடவில்லை. நெருக்கடி வந்தபோது இரண்டு முறை உயிரோடு எழுந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலையடுத்து அமெரிக்கக் கொடிக்கு முன்னால் நாயை வரைந்தார். நீலம் முழுக்க வடிந்து நாய் வெள்ளையாகிவிட்டது. அச்சுப் பிரதிகளை விற்ற பணம் செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போனது. அந்தப் படம் எனக்குக் கொஞ்சம் சுலபமாகப் படுகிறது. அதிர்ச்சியில் வெளுத்துப்போதல் என்பதை யோசிக்க ஓவியர் தேவையில்லை. 2005-இல் கத்ரீனா சூறாவளியில் நியூ ஆர்லியன்ஸின் கரைகள் உடைந்து நகரம் மூழ்கியபோது வந்த 'மீண்டும் எழுவோம்' அப்படிப்பட்டதில்லை. கொடி தண்ணீருக்குள் கிடக்கிறது. நாயும் பாதி மூழ்கிக் கிடக்கிறது. மார்பில் உதவி கேட்கும் சிவப்புச் சிலுவை. கண்கள் மஞ்சளில்லை, சிவப்பு. இருபது ஆண்டுகளாக எந்த நிலத்தின்மேல் உட்கார்ந்தாலும் அந்த நிலம் தொட முடியாததாக இருந்த உருவத்தை, இங்கே நிலம் எட்டிப் பிடித்துவிட்டது. நிழல்கூட விழாத உடம்பில் தண்ணீர் ஏறுகிறது. இதற்கு முன் ஒட்டாமல் உட்கார்ந்திருந்த எண்ணற்ற நாய்களைப் பார்த்தவருக்குத்தான் இது அதிர்ச்சி. முதன்முதலாக இந்த ஒரு படத்தை மட்டும் பார்ப்பவருக்கு மழையில் நனையும் ஒரு பொம்மை நாய். திரும்பத் திரும்ப வரைந்ததற்கு இதைவிடப் பெரிய நியாயம் வேண்டியதில்லை. கண்ணின் சிவப்பும் 1984-இன் காவல் பிசாசிடமிருந்து வந்தது. காவல்காக்க வேண்டிய வீடு இப்போது தண்ணீருக்குள். அச்சுப் பிரதி என்ற, அதுவரை வசவுக்கு ஆளான வடிவமே இங்கே உதவியது. ஒற்றை மூல ஓவியமாக இருந்தால் அது ஒரு பணக்காரர் வீட்டுச் சுவரோடு முடிந்திருக்கும்.

இதெல்லாம் பின்னால் வந்தவர்கள் ஏற்றிச் சொல்லும் அர்த்தம், ஓவியர் மனதில் இவ்வளவு இருந்ததா என்பது கடைசி ஆட்சேபம். ரோட்ரீக்கும் சிக்கலைக் கூட்டியிருக்கிறார். பேட்டிகளிலும் நூல்களிலும் நாயைப் பற்றி அவர் சொன்னது ஒரே கதையாக இல்லை. லூ-கரூ என்றார், டிஃப்பனி என்றார், பதில் தேடி நம்மைப் பார்க்கும் உயிர் என்றார். ஓவியரின் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டுக் கையைப் பார்ப்பதே நல்லது. வாய் எத்தனை கதை சொன்னாலும் 1971-இன் விருந்தினர்களுக்கும் 1984-இன் நாய்க்கும் 2005-இன் நாய்க்கும் விளிம்பு ஒன்று, ஒளி ஒன்று, நிழலின்மை ஒன்று. 2008-இல் நியூ ஆர்லியன்ஸ் கலை அருங்காட்சியகம் அவருடைய நாற்பது ஆண்டு ஓவியங்களை ஒரே கண்காட்சியாக வைத்தபோது, ஓக் மரங்களும் கேஜன் மக்களும் நாய்களும் ஒரே கூரையின்கீழ் வந்தன. நாயைத் தனியே கடை ஜன்னலில் பார்ப்பதற்கும் அந்த மரங்களைப் பார்த்துவிட்டு நாயிடம் வருவதற்கும் உள்ள தூரம் பெரியது. அந்த வரிசையில் வைத்து அளந்தால் ரோட்ரீக்கின் படங்களில் கணிசமானவை தேறாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஓக் மரத்தடியில் உட்கார்ந்த ஆரம்பகால நாய்கள் தேறும், கேஜன் முன்னோர்களோடு வரிசையில் நிற்பவை தேறும், வெற்று நிறத்தில் ஊர் தொலைத்த சில படங்களும் 2005-இன் அச்சும் தேறும். வோட்கா புட்டி தேறாது.